ஓய்வுக்கு ஆறு வருடம், கையில் நான்கு கடன்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 54 வயது. 60-ல் ஓய்வு. கணவருக்கு 58. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய தொழிலை மூட வேண்டியதாகிவிட்டது. இப்போது பகுதிநேரமாகக் கணக்கு எழுதப் போகிறார். எங்கள் இருவர் கைக்கும் மாதம் வருவதை 100 என்று வைத்துக்கொண்டால், என்னுடையது 80, அவருடையது 20. அதில் வீட்டுக் கடன் தவணை 22, தொழிலை மூடும்போது வாங்கிய பர்சனல் லோன் 8, கார் லோன் 4, கிரெடிட் கார்டு மினிமம் 3. மகளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருடம், அதற்கு 9. மகனுக்கு 6, கார் ஓட்ட 4, சேமிப்பு 3, மீதி 41 வீட்டுச் செலவு. இதே அளவில் மொத்தக் கடன் 2,200. ஓய்வு நிதியில் 2,500 இருக்கிறது, வங்கி டெபாசிட் 200. ஓய்வுக்குப் பிறகு மாதம் 40 வரும். ஓய்வு நிதியை எடுத்துக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாமா? எல்லாக் கடனையும் 15 வருட டாப்-அப்பில் (வீட்டுக் கடனுக்கு மேல் தரும் கூடுதல் கடன்) ஒன்றாக்கித் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள், மகனும் கையெழுத்துப் போடவேண்டுமாம், அதை வாங்கலாமா? இரண்டு மாதமாகப் பதினோரு செலவுகளை நிறுத்திவிட்டேன், பல் சிகிச்சையைக்கூடத் தள்ளிப்போட்டேன். வீட்டில் சண்டைதான் மிச்சம். மூன்று மாத ஸ்டேட்மென்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். இவ்வளவு தெளிவாகக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் மொத்தக் கடன் எவ்வளவு என்பதே கணவன் மனைவி இருவருக்கும் சேர்ந்து தெரியாது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். காரணத்தைச் சொல்கிறேன்.

ஓய்வு நிதியைத் தொடாதீர்கள். 2,500 என்பது இன்றைக்குக் கடனைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, அதனால்தான் கை போகிறது. ஆனால் 8 சதவீதம் வளர்ந்தால் அதே தொகை ஆறு வருடத்தில் 3,960-ஐத் தாண்டும். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அந்த நாட்டுச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கும் என்றார். எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் கைக்கணக்குக்கு நல்ல அளவுகோல். அதன்படி 3,960-லிருந்து மாதம் 13 வரும். நீங்கள் எதிர்பார்க்கும் 40-ல் இது மூன்றில் ஒரு பங்கு. இன்றைக்குக் கடனை அடைத்துவிட்டு, 60 வயதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வருமானம் இல்லாமல் வாழ்வதா? கார்டு கடன் ஏறியதற்குக் காரணமான செலவுப் பழக்கமும் அப்படியே இருக்கும். நிதியைக் கரைத்து கார்டை அடைத்தவர்கள் இரண்டு வருடத்தில் மறுபடி அதே பாக்கியோடு வருவதை நான் நிறையப் பார்க்கிறேன். அப்போது கையில் நிதியும் இருக்காது.

அடுத்தது அந்த டாப்-அப். 2,200-ஐயும் 9 சதவீதத்தில் 15 வருடத்துக்குப் போட்டால் தவணை 22 சொச்சம் ஆகிவிடும். இப்போது கட்டும் 37-ஐவிட மாதம் 15 குறைவு. மூச்சு விட்டதுபோல இருக்கும். ஆனால் 180 மாதமும் கட்டி முடிக்கும்போது நீங்கள் கட்டியது 4,000-ஐத் தாண்டியிருக்கும், உங்களுக்கு வயது 69 ஆகியிருக்கும். வரப்போகிற 40-ல் 22 ஒன்பது வருடத்துக்குத் தவணையாகப் போகும். அதற்காகத்தான் மகனையும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஓய்வுக்குப் பிறகு யாரைப் பிடிப்பது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்கித் தராதீர்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஓய்வுக்குப் பிறகு வரப்போகிற 40-ல் குடும்பத்தை இப்போதே நடத்தத் தொடங்குங்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் முதலில் கடனுக்கு, பிறகு நிதிக்கு.

செலவைக் குறைப்பதில் இரண்டு பக்கமும் லாபம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மாதம் 1 குறைத்தால் அந்த 1 இன்றைக்குக் கடனுக்குப் போகிறது. அதோடு, ஓய்வுக்குப் பிறகு அந்த 1-ஐ வாழ்நாள் முழுக்கத் தருவதற்காகச் சேர்க்க வேண்டிய நிதியும் தேவைப்படாது. பெங்கன் கணக்கில் வருடச் செலவின் 25 மடங்கு நிதி வேண்டும். மாதம் 1 என்றால் வருடம் 12, நிதி 300. இந்தக் கண்ணோடு உங்கள் பட்டியலைப் பாருங்கள்.

நீங்கள் நிறுத்திய பதினோரு செலவுகளையும் கூட்டிப் பார்த்தேன். பேப்பர், ஓடிடி சந்தா, போன் பிளான், உங்கள் கணவரின் மாதாந்தர நண்பர்கள் சந்திப்பு, இன்னும் ஏழு. எல்லாம் சேர்ந்து 2. அதே பட்டியலில் தொடாமல் விட்டிருக்கும் கார் ஒன்றுக்கே தவணை 4, எரிபொருள், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 4, ஆக 8. ஸ்டேட்மென்டில் எரிபொருள் போட்டிருக்கும் தேதிகளைப் பார்த்தால் மாதம் இரண்டு தடவைக்கு மேல் இல்லை. தொழில் நடந்தபோது அந்தக் கார் வேண்டியிருந்தது. இப்போது வாரத்தில் ஐந்து நாள் வாசலில் நிற்கிறது. கடன் பாக்கி 100 என்றும், விற்றால் 110 வரை போகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். தேவைப்படும்போது வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம், மிஞ்சும் 10-ஐ அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு ஆகும் 4 ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால் அதற்கு மட்டும் 1,200 நிதி வேண்டும், உங்கள் கையில் இன்றிருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒரு முடிவில் இத்தனை கிடைக்கும்போது பேப்பருக்காக ஏன் சண்டை? பதினோரு சின்னச் செலவில் அவருக்கு முக்கியமான நண்பர்கள் சந்திப்பையும் உங்களுக்கு முக்கியமான ஒன்றையும் திருப்பிக் கொடுங்கள். மற்றதை விட்டுவிடலாம். வேறெங்காவது சுருக்கினால் அந்த 2 அப்படியே நிற்கும்.

பல் சிகிச்சையைத் தள்ளிப்போட்டது மட்டும் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதைச் சேமிப்பு என்று எண்ணவே எண்ணாதீர்கள். இன்றைக்குச் சின்னதாக அடைத்தால் முடிகிற பல், அடுத்த வருடம் வேர் சிகிச்சையாகி, கார்டில்தான் வந்து நிற்கும். பல், கண், சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல்நலக் காப்பீட்டு பிரீமியம், இவை எதிலும் கை வைக்கக்கூடாது. கடன் முடியும்வரை உங்கள் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீட்டையும் நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு வரும் 100-ல் 80 உங்கள் சம்பளம்.

அப்புறம் மகன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, அவருடைய வண்டித் தவணையும் போன் பில்லும் இன்னும் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையிடம் கணக்குப் பேசுவது யாருக்கும் சுலபம் இல்லை. ஆனால் அவருக்கு உங்கள் கடன் நிலவரமே தெரியாது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. தெரியாதவரிடம் எப்படி எதிர்பார்க்க முடியும்? நீங்கள் எனக்கு எழுதிய அதே தாளை அவரிடம் கொடுங்கள். “தம்பி, அப்பாவும் நானும் 60-க்குள் கடனை முடிக்கப் பார்க்கிறோம். முடிக்காவிட்டால் அது உன் தலையில்தான் வந்து விழும். வண்டித் தவணையை இந்த மாதத்திலிருந்து நீ எடுத்துக்கொள். மற்றதை ஒரு வருடத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம். 6-ல் 3 இப்போதே குறையும், மிச்சம் 3 அடுத்த வருடம். பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி, வயதான காலத்தில் அவர்கள் வருமானத்தை எதிர்பார்க்காமல் இருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மகள் படிப்புக்கான 9-ஐத் தொட வேண்டாம், அது ஒரு வருடத்தில் தானாக முடிகிறது.

இனி அந்தப் பணம் எங்கே போகவேண்டும் என்று பார்ப்போம். குறைத்த செலவு கணக்கிலேயே கிடந்தால் மாதக் கடைசியில் இருக்காது, எங்கே போனதென்றும் தெரியாது. உங்கள் இரண்டு மாதச் சிக்கனமும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. பதினோரு செலவு நின்றிருக்கிறது, எந்தக் கடனும் கூடுதலாக ஒரு பைசா குறையவில்லை.

முதலில் கார்டு. மாதம் 3 சதவீத வட்டி என்று ஸ்டேட்மென்டில் இருக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல். பாக்கி 60-க்கு நீங்கள் கட்டும் 3-ல் 1.8 வட்டிக்கே போகிறது. இனி ஒரு பொருள்கூட வாங்காமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், பாக்கியோடு மினிமமும் குறைந்துகொண்டே போவதால், பாக்கி பாதியாகவே இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். டெபாசிட்டோ 7 சதவீதத்துக்குக் கிடக்கிறது. அந்த 200-லிருந்து 60 எடுத்துக் கார்டை இன்றே அடைத்துவிடுங்கள். மிச்சம் 140 அவசரத்துக்கு, அதை இனி எந்தக் கடனுக்காகவும் எடுக்கக்கூடாது. மாதம் 3 சேமிப்பும் அதோடு போய்ச் சேரட்டும்.

கார்டு பாக்கி எப்படி ஏறியது என்பதையும் பார்த்தேன். மூன்று மாதத்தில் இரண்டு பெரிய தொகைகள்: ஒன்று காப்பீட்டு பிரீமியம், இன்னொன்று வீட்டுத் தண்ணீர்க் குழாய் ரிப்பேர். திடீர்ச் செலவு என்று எழுதியிருக்கிறீர்கள். பிரீமியம் வருடா வருடம் அதே தேதியில்தான் வருகிறது. வீடு என்று இருந்தால் ஏதாவது ஒரு ரிப்பேர் வராத வருடம் கிடையாது. பிரீமியம், வீட்டு வரி, மராமத்து, மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒரு வருடத்துக்கு ஆகும் தொகையைக் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தப் பணத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். இதை வீட்டுச் செலவுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். 41-ஐ 39-க்குக் கொண்டுவருவது என்றால் இதையும் சேர்த்துத்தான். முதல் மூன்று மாதம் இறுக்கமாக இருக்கும். அதற்குப் பிறகு கார்டை எடுக்கவே தோன்றாது.

அடுத்து பர்சனல் லோன். பாக்கி 240, வட்டி 15 சதவீதம். இப்போதைய தவணை 8-ஐ மட்டும் கட்டினால் 38 மாதம். அதோடு கார்டுக்குப் போன 3, காரில் மிஞ்சும் 8, மகனிடம் குறையும் 3, வீட்டுச் செலவில் குறையும் 2, எல்லாவற்றையும் சேர்த்தால் மாதம் 24. அப்படிக் கட்டினால் 11 மாதத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக வீட்டுக் கடன். இன்றைய பாக்கி 1,800, வட்டி 9 சதவீதம். தவணை 22-ல் 13.5 வட்டி, 8.5 மட்டும்தான் அசலுக்கு. இதே வேகத்தில் போனால் இன்னும் பத்தரை வருடத்துக்கு மேல், அதாவது உங்களுக்கு 64 வயது முடியும்வரை. 11 மாதம் கழித்துப் பாக்கி சுமார் 1,700 இருக்கும். அப்போது உங்கள் கையில் பர்சனல் லோனுக்குக் கட்டிய 24, படிப்புக்குப் போன 9, மகனுக்குப் போன மிச்சம் 3, ஆக 36 விடுபட்டிருக்கும். அதில் 20-ஐ வீட்டுக் கடனோடு சேர்த்து மாதம் 42 கட்டுங்கள். 49 மாதத்தில் முடியும். இன்றிலிருந்து ஐந்து வருடம், ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே.

36-ஐயும் கடனுக்கே போட்டால் இன்னும் சீக்கிரம் முடியுமே என்று நீங்கள் கேட்கலாம். முடியும், 34 மாதத்தில். ஆனால் நான் மிச்சம் 16-ஐ ஓய்வு நிதியில் போடச் சொல்வேன். விலைவாசி ஏறும், இன்றைய 39 ஆறு வருடத்தில் 39-ஆக இருக்காது. வீட்டுக் கடனில் போட்ட பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே திருப்பி எடுக்கவும் முடியாது. 49 மாதம் 16, கடைசி வருடம் 58, வட்டியை விட்டுவிட்டுக் கூட்டினாலே 1,480. உங்கள் இன்றைய வருமானத்தில் ஏறக்குறைய பதினைந்து மாதம். இந்தக் கணக்கில் சம்பள உயர்வை நான் சேர்க்கவே இல்லை. வந்தால் விலைவாசிக்குப் போக மிஞ்சுவதையும் இதே பக்கம் திருப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் மன உறுதியை நம்பிச் செய்யாதீர்கள். இரண்டு கணக்கு வையுங்கள். சம்பளம் ஒரு கணக்கில் விழட்டும், தவணைகளும் கூடுதல் கடன் கட்டுதலும் அதே நாளில் தானாகப் போகட்டும். 39 மட்டும் இன்னொரு கணக்குக்கு மாறவேண்டும், குடும்பம் அந்தக் கணக்கில்தான் நடக்கவேண்டும். 25-ம் தேதி அதில் பணம் தீர்ந்துவிட்டால் எங்கே தவறியது என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த மாதத்திலிருந்து எடுக்கக்கூடாது. ஓய்வு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். 39 போதவே போதாது என்று ஆறு மாதத்தில் தெரிந்தால் அதுவும் நல்லதுதான். கணக்கை மாற்ற ஐந்தரை வருடம் கையில் இருக்கும்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார் என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பர்சனல் லோனை மூன்று இடத்தில் ‘அவருடைய கடன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டிலும் அப்படித்தான் பேசப்படுகிறது என்று நினைக்கிறேன். தொழிலை மூடிய மனிதருக்கு அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று யோசியுங்கள். அவர் கணக்கு எழுதத் தெரிந்தவர். இந்தத் திட்டத்தின் பொறுப்பையே அவரிடம் கொடுங்கள். மாதாமாதம் அந்த 24-ஐ அவர் கையால் அனுப்பட்டும், பாக்கி குறைவதை அவர் ஒரு நோட்டில் எழுதட்டும். 11 மாதத்தில் அந்தக் கடனை முடித்தவர் அவராக இருப்பார்.

வங்கியோடு பேசும்போது சில விஷயங்கள். வீட்டுக் கடன் மாறும் வட்டி என்றால், வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுவார்கள், நாம் அதைக் கவனிக்காமலே விட்டுவிடலாம். கடைசித் தவணை எந்த மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதலாகக் கட்டும்போது ‘தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். தவணையைக் குறைத்தால் வட்டி மிச்சமாவது வெகுவாகக் குறைந்துவிடும். பர்சனல் லோனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா, மாதாமாதம் கூடுதல் பணம் வாங்கிக்கொள்வார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வாங்காவிட்டால் அந்தக் கூடுதல் 16-ஐத் தனி டெபாசிட்டில் சேர்த்து, மொத்தமாக அடைக்கலாம். ஒவ்வொரு கடன் முடியும்போதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழையும், வீட்டுக் கடன் முடியும்போது மூலப் பத்திரங்களையும் கையில் வாங்கி, பத்திரப் பதிவில் இருக்கும் அடமானக் குறிப்பையும் நீக்கச் சொல்லுங்கள்.

நடுவில் உங்கள் கணவரின் 20 நின்றுபோனால் பயப்பட வேண்டாம். முதலில் நிதிக்குப் போகும் 16-ஐ நிறுத்துங்கள், அப்புறம் வீட்டுக் கடனுக்குப் போடும் கூடுதல் 20-ல் 4 குறையுங்கள். கடன் ஐந்து வருடத்துக்குப் பதில் ஆறு வருடத்துக்குள் முடியும், அவ்வளவுதான். பர்சனல் லோன் நடக்கும் முதல் வருடத்திலேயே நின்றால் கூடுதலாகப் போடும் 16-ஐ நிறுத்துங்கள், குறையும் 4-ஐ அவசர நிதி தாங்கும். எந்த மாதமாவது வழக்கமான தவணை தவறும் என்று தோன்றினால், தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசிவிடுங்கள். தவறிய பிறகு போனால் அபராத வட்டியும் கடன் வரலாற்றில் குறிப்பும் ஏற்கெனவே விழுந்திருக்கும்.